மொரீசியஸ் சம்பளத்தை ஊருக்கு அனுப்பும் முன்

மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், தமிழ் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்து நம்ம ஊர் ரூபாய்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஒரு ரூபாய், இந்தியக் கணக்கில் இரண்டு ரூபாயை ஒட்டி வரும். ஏஜென்ட் “மாசம் நாற்பதாயிரம்” என்றால் எந்த ரூபாய் என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், சாப்பாட்டுப் பிடித்தம் மூன்றும் ஒப்பந்தத்தில் தனித்தனியாக இருக்கட்டும். ஓவர்டைமைச் சேர்த்துச் சொன்ன தொகையை நம்பி வட்டிக்கு வாங்கியவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் கம்பெனியில் முதலில் நிற்பது ஓவர்டைம்தான்.

சம்பளச் சீட்டை மாதாமாதம் நீங்களே சரிபார்க்கலாம். வாரம் 45 மணி நேர வேலை என்றால் மாதத்துக்கு 195 மணி நேரம். அடிப்படைச் சம்பளம் 19,500 என்றால் மணிக்கு 100. அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு, அதாவது 150. பொது விடுமுறையில் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு. தைப்பூசக் காவடியும் இங்கே பொது விடுமுறைதான். வேலைக்குப் போன நேரம், முடித்த நேரம் இரண்டையும் சின்ன நோட்டில் அன்றன்றே குறித்து வையுங்கள். ஒரு வாரம் விட்டுவிட்டு யோசித்து எழுதிய கணக்கு, சூப்பர்வைசரிடம் பேசும்போது நிற்காது. டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் சட்டப்படி உண்டு. அதை இப்போதே செலவுக்கணக்கில் எழுதாமல் கடன் அசலுக்கென்று ஒதுக்குங்கள்.

பணம் அனுப்புவதில் ரூபாய் மாற்றும் ரேட்டைக் கவனிக்காமல் கமிஷனை மட்டும் பார்த்து ஏமாறுவோர் அதிகம். “10,000 கட்டினால் ஊரில் கையில் எத்தனை இந்திய ரூபாய் கிடைக்கும்?” இந்த ஒரு கேள்வியை இரண்டு மூன்று இடத்தில் ஒரே நாளில் கேளுங்கள். கமிஷன் ஒவ்வொரு தடவைக்கும் தனி. நாலு தடவை துளித்துளியாக அனுப்பாமல் மாதம் ஒரே தடவை அனுப்புங்கள். ஊரில் உள்ள வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி எண்ணில் 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ‘ஓ’ என்று எழுதிவிட்டால் பணம் போய்ச் சேராது. வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியலில் ரேட் கூடக் கிடைக்கலாம். ஆனால் அது சட்டவிரோதம், பணம் தொலைந்தால் காட்ட ரசீதும் கிடையாது.

முடிந்தால் உங்கள் பேரில் என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) திறந்து அதற்கு அனுப்பி, அங்கிருந்து அம்மா கணக்குக்கு மாதம் ஒரு தொகை போகும்படி வையுங்கள். அந்தக் கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. முழுச் சம்பளத்தையும் வீட்டுக் கணக்கில் போட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து வெறும் கையோடு இறங்கும் பிள்ளைகளைப் பார்க்க மனசு பொறுப்பதில்லை.

ஓவர்டைம் இல்லாத மாதத்தை வீட்டில் மறைக்காதீர்கள். “இந்த மாசம் இவ்வளவுதாம்மா” என்று சொல்வது சின்ன வயதுப் பிள்ளைக்குப் பெரிய துணிச்சல். சொல்லாமல் சகதொழிலாளியிடம் கைமாற்று வாங்கி அனுப்பினால், அடுத்த மாதம் இரண்டு பேருக்கும் பற்றாக்குறை.

வேலை பர்மிட் உங்களை வேலைக்கு எடுத்த முதலாளியோடு கட்டப்பட்டது. கோபத்தில் வெளியேறினால் தங்கும் உரிமையும் போய்விடும். முதலில் தொழிலாளர் அமைச்சக அலுவலகத்துக்குப் போங்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், அந்தச் சின்ன நோட்டு, பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும்.