திற்பரப்புப் பழக்கத்தோடு பெஷ்ஷோ வெந்நீர் ஊற்றில் இறங்காதீர்கள்

பெஷ்ஷோ ஜப்பானில் உவேதா நகரத்துப் பக்கம் இருக்கிற வெந்நீர் ஊற்று ஊர். திற்பரப்பு அருவியில் துணியோடு குளிக்கிற பழக்கம் அங்கே செல்லாது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து போகிறவர்கள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறி டோக்கியோ சேரலாம். விசா முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். டோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலில் உவேதா ஒன்றரை மணி நேரம். ஏற வேண்டியது ‘அசாமா’ என்ற வண்டி. அவசரத்தில் ‘ககயாக்கி’ ஏறினால் உவேதாவில் நிற்காது, நாகானோவில்தான் இறங்க முடியும். உவேதாவிலிருந்து பெஷ்ஷோவுக்குச் சின்ன ரயிலில் அரை மணி நேரம். அது தனியார் தடம், ஜப்பான் ரயில் பாஸ் செல்லாது.

ஊரில் ஓயு, தைஷியு, இஷியு என்று பொதுக் குளியலிடங்கள் உண்டு. கொலுசு, மெட்டியை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்; கந்தகத் தண்ணீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். சோப்பும் துண்டும் கொண்டு போங்கள். பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் விடமாட்டார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம். தோர்த்தோ நைட்டியோ உடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கக் கூடாது. வெட்கமெல்லாம் முதல் ஐந்து நிமிஷந்தான். தொட்டியில் இறங்குமுன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை துளியும் இல்லாமல் கழுவுங்கள். நின்றுகொண்டு ஊற்றினால் பக்கத்து ஆள்மேல் தெறிக்கும். தலையில் எண்ணெய் இருந்தால் அதையும் இங்கேயே போக்கிவிட வேண்டும். தொட்டி அழுக்குத் தேய்க்கிற இடமல்ல, ஊறுகிற இடம். முடியை உயர்த்திக் கட்டுங்கள். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்காமல் மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். சூடு 40 டிகிரிக்கு மேலும் இருக்கலாம், முதல் தடவை ஐந்து நிமிஷம் போதும். சடாரென்று எழும்பினால் தலை சுற்றும். சூட்டில் ரத்தக்குழாய் விரிந்து அழுத்தம் குறைவதுதான் காரணம். வயிறு நிறையச் சாப்பிட்டதும் இறங்கவே வேண்டாம்.

சைவக்காரர்கள் விடுதியில் முன்பே சொல்லிவையுங்கள். காய்கறிச் சாறு போலத் தெரிவதிலும் காயவைத்துச் சீவிய சூரை மீன் கிடக்கும்.

அன்ராக்குஜி கோயிலின் எண்கோண மரக்கோபுரத்தைத் தவறவிடாதீர்கள். ஜப்பானில் இந்த வடிவில் மிஞ்சியிருப்பது இது ஒன்றே. எண்ணினால் நான்கு கூரை வரும். அடியில் இருப்பது வெறும் சாய்ப்புக் கூரை, ஆகவே மூன்று நிலைதான். திருவட்டாறு கோயில் மாதிரி சட்டையைக் கழற்ற வேண்டாம், கோயில் மண்டபத்துக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றினால் போதும்.

கருணைத் தெய்வமான கண்ணோனுக்குரிய கிதாமுகி கண்ணோன் சன்னதியில் கை கழுவும் தொட்டியிலும் ஊற்று வெந்நீர்தான். இந்தச் சன்னதி வடக்கு பார்த்தது, நாகானோவின் ஜென்கோஜி கோயில் தெற்கு பார்த்தது. ஒன்றை மட்டும் கும்பிட்டால் பாதி யாத்திரை என்பார்கள். உவேதாவுக்கு அடுத்த ஷிங்கன்சென் நிறுத்தமே நாகானோ. அதையும் முடித்துவிட்டு டோக்கியோ திரும்ப ககயாக்கியில் ஏறலாம், இருக்கை மட்டும் முன்பதிவு செய்திருக்க வேண்டும்.