ஜெயித்த அன்று மறையும் கன்டெய்னர்: தேர்தல் காலச் சதிக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு ஓட்டுப் போட்டது ஏப்ரல் 6. எண்ணியது மே 2. நடுவில் மூன்றரை வாரத்துக்கு மேல் ஓட்டு மெஷின்கள் கல்லூரிக் கட்டடங்களில் பூட்டி சீல் வைக்கப்பட்டுக் கிடந்தன. அந்த இடைவெளி முழுக்க ஒரே பேச்சுதான். ஸ்ட்ராங் ரூம் பக்கத்தில் கன்டெய்னர் லாரி நிற்கிறது, வைஃபை சிக்னல் வருகிறது, யாரோ லேப்டாப்போடு நடமாடுகிறார்கள். திமுக தேர்தல் அதிகாரியிடம் மனு கொடுத்தது. கட்சிக்காரர்கள் முறை போட்டுக் காவல் காத்தார்கள். மே 2 அன்று திமுக ஜெயித்தது. அன்று மாலைக்குப் பிறகு அந்தக் கன்டெய்னர்களைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

தேர்தல் நேரத்தில் இப்படிப்பட்ட கதைகள் ஏன் இவ்வளவு எடுபடுகின்றன என்பதற்கான பாதி விடை இதிலேயே இருக்கிறது. கதைக்குத் தீனி போடுவது முடிவு தெரியாத காத்திருப்பு; முடிவு வந்ததும் தோற்றவர்கள் மட்டும் அதைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பாதியைத் தேடும்போதுதான் நாம் வழக்கமாகச் சறுக்குகிறோம்.

"அந்தக் கட்சிக்காரன்தான் இப்படி"

இதுதான் முதல் சறுக்கல். மெஷினைச் சந்தேகிப்பது ஒரு கட்சியின் குணம் என்று நினைத்துக்கொள்வது.

இந்தியாவில் மின்னணு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது 1982-ல், கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை தேர்தலுக்கு முன்பே இந்த மெஷின் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார். தேர்தலில் அவரே 123 ஓட்டில் ஜெயித்துவிட்டார். உடனே தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் அதே மெஷினை எதிர்த்து வழக்குப் போட்டார். மெஷினைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்தச் சாவடிகளில் காகிதச் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்தது. இந்த முறை ஜோஸ் ஜெயித்தார். பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. எதிர்ப்பவர் ஆசனமும் ஆதரிப்பவர் ஆசனமும் ஒரே தொகுதியில் இடம் மாறிய கதை இது. அதன் பிறகு நாற்பது வருடமாக நாடு முழுக்க இதேதான் நடக்கிறது.

2001-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க மெஷினில் நடக்கப்போகிறது என்றபோது எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போனது அதிமுக. அந்தத் தேர்தலில் அமோகமாக ஜெயித்ததும் அதிமுகதான். 2009 மக்களவைத் தேர்தலில் தோற்றபின் மீண்டும் வாக்குச்சீட்டுக்கே போகலாம் என்றார் பாஜகவின் அத்வானி. 2017-ல் உத்தரப் பிரதேசத்தில் தோற்ற மாயாவதி மெஷின் மேல் பழி போட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்த நாட்களும் உண்டு. அதற்கு வருகிறேன்.

நம்புகிறவரை முட்டாள் என்று முடிவு கட்டுவது

இது படித்தவர்கள் அதிகம் செய்யும் தவறு. சதிக் கதையை நம்புகிறவருக்கு அறிவில்லை என்பதல்ல, பெரும்பாலும் தகவல் இல்லை என்பதுதான் விஷயம்.

மக்களவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு நடந்த 2024 ஏப்ரல் 19-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று இரவு 7 மணி நிலவரப்படி தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் வாக்குப்பதிவு என்று அறிவித்தார்கள். நள்ளிரவில் அது 69.46 ஆனது. கடைசியில் 69.72-ல் நின்றது. போட்ட ஓட்டு எப்படிக் குறையும்? கேட்கத் தோன்றுகிற கேள்விதானே. காரணம் ரொம்பச் சாதாரணமானது: மாலைக் கணக்கு, சாவடி அதிகாரிகளில் ஒரு பகுதியினர் செயலியில் ஏற்றிய எண்களை வைத்துப் போட்ட உத்தேசம், இரவுக் கணக்கு அதைவிட முழுமையானது. ஆனால் உத்தேசத்தை இரண்டு தசமத் துல்லியத்தோடு அறிவித்தால் கேட்பவர் அதை எண்ணி முடித்த கணக்கென்றுதான் எடுத்துக்கொள்வார். அகில இந்திய அளவில் நடந்தது இதற்கு நேர் எதிர். முதல் கட்டத்தின் முழு சதவீதம் வரப் பதினொரு நாள் ஆனது. வந்தபோது முதலில் சொன்னதைவிடக் கூடியிருந்தது. அந்தப் பதினொரு நாளும் வாட்ஸ்அப்புக்குத் திருவிழா.

அதே தேர்தலில் தமிழ்நாட்டு மெஷின்கள் ஜூன் 4 வரை ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்தன. நீலகிரியில் ஸ்ட்ராங் ரூம் சிசிடிவித் திரைகள் சுமார் 20 நிமிடம் அணைந்துபோயின. கோடை வெயிலில் மின்கோளாறு என்று கலெக்டர் விளக்கம் தந்தார். வேறு எந்த அலுவலகத்தில் திரை அணைந்தாலும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதோடு முடிந்துவிடும். இங்கே அணைந்தால் மாநிலமே நிமிர்ந்து உட்காருகிறது. பெரிய விளைவுக்குப் பெரிய காரணம்தான் இருக்க வேண்டும் என்று மனசு எதிர்பார்ப்பது இயல்பு. ஒரு ஆட்சியைத் தீர்மானிக்கிற விஷயத்தில் "ஷார்ட் சர்க்யூட்" என்ற பதில் யாருக்கும் போதுவதில்லை.

கூடவே பக்கச்சார்பு. நம் தெருவில் நாம் பார்த்தவரெல்லாம் ஒரு கட்சிக்குத்தான் போட்டேன் என்கிறார். முடிவு வேறாக வருகிறது. நம் தெரு தொகுதி அல்ல என்பது அந்த நேரத்தில் உறைக்காது.

பாதி உண்மையை முழு உண்மையாகவோ முழுப் பொய்யாகவோ எடுத்துக்கொள்வது

நிலைத்து நிற்கிற சதிக் கதைகளில் பெரும்பாலும் ஒரு நிஜச் சம்பவம் உள்ளே இருக்கும். "நெருப்பில்லாமல் புகையுமா" என்று கேட்பவரிடம் நெருப்பே இல்லை என்று சாதித்தால் நாம்தான் தோற்போம். நெருப்பு எவ்வளவு பெரிது, எங்கே எரிந்தது என்று காட்டுவதுதான் வேலை.

மும்பை வடமேற்குத் தொகுதி, 2024. சிவசேனாவின் ரவீந்திர வாய்க்கர் 48 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சில நாள் கழித்து, அவர் உறவினர் ஒருவர் எண்ணும் மையத்தில் வைத்திருந்த செல்போனுக்கு வந்த ஓடிபி மூலம் வாக்கு இயந்திரம் திறக்கப்பட்டது என்று ஒரு மும்பை நாளிதழ் எழுதியது. நாடே கொதித்தது. அவர் கையில் செல்போன் இருந்தது நிஜம். எண்ணும் மையத்துக்குள் அது கூடாது, வழக்கும் பதிவானது. ஓடிபி என்ற ஒன்றும் நிஜம். ஆனால் அது தேர்தல் ஆணையத்தின் தரவுப் பதிவு இணையதளத்தில் உள்நுழைவதற்கானது. வாக்கு இயந்திரத்துக்கு ஓடிபி கிடையாது. வெளி வலையமைப்பு எதனுடனும் அதற்குத் தொடர்பு இல்லை. நாளிதழ் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர்? செய்தியைப் பகிர்ந்தவர்களில் ஒரு சிறு பங்கு இருந்தாலே பெரிது.

இப்போது கூடம் கோணலான கதை. 2021 ஏப்ரல் 6 இரவு சென்னை வேளச்சேரித் தொகுதியில், டூவீலரில் வாக்கு இயந்திரங்களையும் விவிபாட்டையும் (போட்ட ஓட்டைக் காகிதச் சீட்டில் காட்டும் கருவி) வைத்துக்கொண்டு போன ஊழியர்களைப் பொதுமக்கள் மடக்கிப் பிடித்தார்கள். வாக்குப்பதிவில் பயன்படாத கருவிகள் என்பதுதான் முதலில் வந்த விளக்கம். பிறகு, அந்த விவிபாட் கொஞ்ச நேரம் பயன்பட்டு, பழுதாகி மாற்றப்பட்டது என்று தெரியவந்தது. ஏப்ரல் 17-ல் 92-ம் எண் சாவடியில் மறுவாக்குப்பதிவு நடந்தது. ஸ்கூட்டரை மறித்தவர்கள் வதந்தி பரப்பவில்லை, சரியான வேலை செய்தார்கள். அதே சமயம், அந்த ஒரு ஸ்கூட்டரை வைத்து மாநிலம் முழுக்க மெஷின் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது.

"முடியவே முடியாது" என்ற பதில்

அதிகாரிகளின் தவறு இது. 2010-ல் ஹரி பிரசாத் என்ற இந்தியப் பொறியாளரும் இரண்டு வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஒரு இந்திய வாக்கு இயந்திரத்தைக் கையில் வைத்துப் பிரித்து, முடிவு காட்டும் பலகையை மாற்றினால் எண்ணிக்கையை மாற்றிக் காட்டலாம் என்று செய்து காட்டினார்கள். கருவி எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள். மெஷின் கையில் கிடைத்தால் செய்யலாம் என்பதும், பல லட்சம் மெஷின்களை யார் கண்ணிலும் படாமல் செய்யலாம் என்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை ஆணையமே பொறுமையாக விளக்கியிருக்கலாம். 2017 ஜூன் 3-ல் "முடிந்தால் ஹேக் செய்து காட்டுங்கள்" என்று கட்சிகளை அழைத்தபோது வந்தவை தேசியவாதக் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் மட்டும். அவர்களும் சவாலில் இறங்கவில்லை. மெஷினுக்குள் இருக்கும் மின்பலகையை (மதர்போர்டு) தொடக் கூடாது என்றால் அது என்ன சவால் என்று கேட்டு ஆம் ஆத்மி ஒதுங்கிக்கொண்டது. இரண்டு தரப்பும் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டது. நம்பிக்கை கூடவில்லை.

நம்பிக்கையைக் கூட்டியது வேறு. 2013-ல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் காகிதச் சான்று தவிர்க்க முடியாதது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால்தான் இன்று கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டைப் பார்க்கிறோம். 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிச் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு 1,170 சாவடிகள். திறந்து காட்டுவது வேலை செய்கிறது, மூடி வைப்பது கதையை வளர்க்கிறது. 2024 டிசம்பரில் சிசிடிவி பதிவு போன்றவற்றைப் பொதுமக்கள் கேட்டுப் பெறுவதைக் கட்டுப்படுத்தி, தேர்தல் நடத்தும் விதிகளில் விதி 93-ஐ ஒன்றிய அரசு திருத்தியது என் பார்வையில் அடுத்த பத்து வருடத்துக்கான வதந்திகளுக்குப் போட்ட உரம்.

மறுக்கிறேன் என்று பரப்புவது

"இந்தப் பொய்யைப் பாருங்கள்" என்று வீடியோவை அப்படியே குடும்ப குரூப்பில் போடுகிறோம். பாதிப் பேர் வீடியோவைத்தான் பார்ப்பார்கள். ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மை போலத் தோன்றும் என்பது 1977-லிருந்தே உளவியல் சோதனைகளில் தெரிந்த சங்கதி. ட்விட்டர் பதிவுகளை வைத்து 2018-ல் வந்த ஆய்வு, பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று கண்டது. புதுமையும் திகைப்பும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. உண்மைக்கு அந்த வசீகரம் இல்லை.

குரூப்பில் சித்தப்பா ஒருவர், "எந்த பட்டனை அமுக்கினாலும் ஒரே சின்னத்துக்குத்தான் விழுது, ஆதாரம் இதோ" என்று அனுப்புகிறார் என்று வையுங்கள். எல்லார் முன்னாலும் "என்ன சித்தப்பா, இதையெல்லாம் நம்புறீங்களா" என்றால் அவர் இன்னும் நாலு வீடியோ அனுப்புவார். தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, இது எந்த ஊர் பூத்? அங்க மாதிரி வாக்குப்பதிவு நடந்தப்போ நம்ம கட்சி ஏஜென்ட் கையெழுத்துப் போட்டாரா?" என்று கேளுங்கள். வாக்குப்பதிவு தொடங்குமுன் ஏஜென்ட்கள் கண்ணெதிரே குறைந்தது 50 ஓட்டுப் போட்டுச் சரிபார்க்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சீட்டில் வேறு சின்னம் தெரிந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்துச் சோதனை ஓட்டுக் கேட்கலாம் என்பதும் தெரியாது.

எல்லாப் புகாரையும் சதிக் கதை என்று ஒதுக்குவது

2024 ஜனவரி 30, சண்டிகர் மேயர் தேர்தல். மெஷின் இல்லை, காகிதச் சீட்டு. தேர்தல் நடத்திய அதிகாரி அனில் மசீ எட்டுச் சீட்டுகளில் தானே குறி போட்டுச் செல்லாததாக்கினார். மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 20-ல் உச்ச நீதிமன்றம் முடிவை ரத்து செய்து ஆம் ஆத்மியின் குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது. வாக்குச்சீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இந்த வீடியோவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நிஜ மோசடிக்கு இடம், நேரம், ஆள், எண் எல்லாம் இருந்தன. எட்டுச் சீட்டு, அவ்வளவுதான். சதிக் கதையில் "அவங்க" இருப்பார்கள். எந்தச் சாவடி, எத்தனை ஓட்டு, எதை எடுத்துப் பார்த்தால் தெரியும் என்று கேட்டால் கதை வேறு ஊருக்கு நகர்ந்துவிடும். மறுத்துச் சொன்னால் மறுப்பவரும் சதியில் சேர்த்தி ஆகிவிடுவார்.

ஏஜென்ட் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது

கட்சிகள் வாய் திறந்து பேசாத தவறு இது. வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடி அதிகாரி கட்சி ஏஜென்ட்களுக்குப் படிவம் 17சி-யின் நகலைத் தர வேண்டும். அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டு, கண்ட்ரோல் யூனிட் (ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் பகுதி) எண், சீல் எண் எல்லாம் அதில் இருக்கும். எண்ணும் நாளில் மேசைக்கு வரும் மெஷினின் எண்ணையும் மொத்தத்தையும் அதோடு ஒப்பிட்டால், நடுவில் மெஷின் மாறியதா என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். கன்டெய்னரையும் வைஃபையையும் துரத்த வேண்டியதில்லை. ஆனால் எத்தனையோ சாவடிகளில் ஏஜென்ட் ஐந்து மணிக்கே பிரியாணிக்குக் கிளம்பிவிடுகிறார். சிறிய கட்சிகளுக்கு ஏஜென்டே கிடையாது. எண் பொருந்தவில்லை என்றால் முடிவு அறிவிக்குமுன் மறுஎண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் தீர்ப்புக்குப் பிறகு, இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் மனுப் போட்டு, சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்கு 5 சதவீத மெஷின்களின் நினைவகத்தைச் சோதிக்கச் சொல்லலாம். செலவை முதலில் அவர்கள் கட்ட வேண்டும், முறைகேடு தெரிந்தால் பணம் திரும்ப வரும். உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்க முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம்.