பிள்ளைகளுக்குத் தாவர எரிபொருளைச் சொல்லித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எத்தனால், பயோடீசல் என்று கரும்பலகையில் எழுதித் தொடங்குவதுதான் பலரும் செய்கிற தவறு. திருநெல்வேலிச் சீமையின் பிள்ளைகளுக்குத் தாவர எரிபொருள் புதுச் சங்கதியே இல்லை. உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் அடுப்பில் எரிவது பனையின் காய்ந்த ஓலையும் மட்டையும். தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல்லை அவிக்கிற ஆலைகளில் கொதிகலனுக்கு உமிதான் தீனி. அங்கிருந்து தொடங்குங்கள். வெயிலை வாங்கி இலை சேர்த்து வைத்த சூடுதான் அடுப்பில் வெளியே வருகிறது என்று சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் நுரைத்துப் புளித்துவிடும் என்பது பனங்காட்டுப் பிள்ளைக்குத் தெரியும். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகையும் அப்படிப் புளிக்க வைத்து, வடித்து எடுப்பதுதான் எத்தனால். பெட்ரோலில் கலப்பது அது. விதை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் வேறு.

"அப்போ எங்க அப்பா பைக்குல தேங்கா எண்ணெய் ஊத்தலாமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். சிரித்துவிடாதீர்கள், நல்ல கேள்வி அது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் பைக்கில் இருப்பது பெட்ரோல் எஞ்சின், அதற்கு எண்ணெய் ஆகாது. இன்றைய டீசல் எஞ்சினும் கெட்டியான எண்ணெயில் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எண்ணெயை மெத்தனால் என்கிற ஒருவகை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்துவிட்டு, பயோடீசலாக்கி ஊற்றுகிறார்கள்.

எனக்குப் பெரிய பயம் காட்டாமணக்கில்தான். 2000க்குப் பிறகு பயோடீசலுக்கென்று தரிசு நிலங்களில் நட்டார்கள், எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. செடி மட்டும் வேலியோரம் நிற்கிறது. பிள்ளைகள் அதன் காம்பை ஒடித்துப் பாலில் குமிழி ஊதி விளையாடுவார்கள். அதன் விதையை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உள்பருப்பு கடலை மாதிரி இருக்கும். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். யாராவது தின்றுவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆமணக்கு விதையும் விஷம்தான். படம் போதும்.

ஸ்பிரிட்டை எரித்துக் காட்டவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று கை நீட்டுவார்கள். ஒரு அகல்விளக்கை நீங்களே ஏற்றி, எட்ட நிற்க வைத்துக் காட்டினால் போதும்.

"காற்றைக் கெடுக்கவே கெடுக்காது" என்றும் சொல்லாதீர்கள். எரித்தால் கரியமில வாயு வரும். செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான் திரும்பப் போகிறது என்பது சரி. ஆனால் உழுத டிராக்டரும் போட்ட உரமும் கணக்கில் உண்டு. மக்காச்சோளத்திலும் அரிசியிலும்கூட எத்தனால் எடுக்கிறார்கள் என்று சொன்னதும் ஒரு சின்னப் பெண் எழுந்து, "சோத்தை எரிக்கலாமா சார்?" என்றாள். இந்தக் கேள்வி வந்தால் ஒரே வரியில் பதில் சொல்லி உட்கார வைத்துவிடாதீர்கள். அந்த வகுப்பு முடியும்வரை அவர்களே பேசட்டும்.