மூவாயிரத்தில் போட்டால் எத்தனை ஜி? கணக்கில் நேரும் தவறுகள்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் மூத்தவர்கள் சொல்வது: “சாம்பிளை மூவாயிரத்துல பதினஞ்சு நிமிஷம் போடுங்க.” நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நான் வேலை பார்த்த இடத்தில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் பெரிய சென்ட்ரிஃபியூஜ் பழுதானபோது, மேசைமேல் வைக்கும் சின்ன மெஷின் ஒன்று வந்தது. அதிலும் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றே வைத்தோம். சீரம் ஒழுங்காகப் பிரிந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சில வாரம் கழித்து, ஃப்ரீசரில் வைத்திருந்த பிளாஸ்மாக்களின் ஏபிடிடி (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பரிசோதனை) நேரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வர ஆரம்பித்தது. ரீஏஜென்ட்டை மாற்றினோம், கண்ட்ரோலைத் திரும்ப ஓட்டினோம். கடைசியில்தான் சென்ட்ரிஃபியூஜ் பக்கம் திரும்பினோம்.

பழைய மெஷினின் ஆரம் 17 செ.மீ., புதியதில் 9 செ.மீ. மூவாயிரம் சுற்றில் முன்னது கொடுத்த விசை சுமார் 1,710 ஜி (அதாவது புவியீர்ப்பைப்போல 1,710 மடங்கு), பின்னது கொடுத்தது 906 ஜி. உறைவுப் பரிசோதனைக்கான பிளாஸ்மாவில் பிளேட்லெட் மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்குத்தான் 1,500 ஜி-யில் 15 நிமிடம் என்கிறார்கள். விசை போதாவிட்டால் பிளேட்லெட் மேலேயே தங்கிவிடும். உறைய வைத்து உருக்கும்போது அவை உடைந்து, உறைவை விரைவாக்கும் பாஸ்போலிப்பிடையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினை முடக்கும் புரதத்தையும் வெளியே விடும். ஹெப்பாரின் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு மருந்து போதவில்லை என்பதுபோல முடிவு காட்டும். மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்துத்தானே டோஸை முடிவு செய்வார்?

ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று மட்டும் சொல்லும். ட்யூபின் அடியில் இருக்கும் செல்லை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது, அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. குடை ராட்டினத்தில் உள்வரிசைக் குதிரையும் வெளிவரிசைக் குதிரையும் சுற்றுவது ஒரே எண்ணிக்கைதான். வெளியே உட்கார்ந்த பிள்ளைதான் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். அதனால் ஆரம் தெரியாமல் ஆர்பிஎம் மட்டும் எழுதிய செய்முறையை அப்படியே எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

பாடப்புத்தகச் சூத்திரம் இது: ஜி = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்பிஎம்-இன் வர்க்கம். இத்தனை சுழியத்தை எண்ணும்போது கை தவறும். நான் செய்வது வேறு. ஆர்பிஎம்-ஐ ஆயிரத்தால் வகுத்து, வந்ததை வர்க்கமாக்கி, 11.18-ஆல் பெருக்கி, ஆரத்தால் பெருக்கினால் சரி. 3,000 என்றால் 3, வர்க்கம் 9. 9 × 11.18 × 9 செ.மீ. என்றால் சுமார் 906. திரும்பி வரும்போது ஜி-யை ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 299-ஆல் பெருக்க வேண்டும். 9 செ.மீ. மெஷினில் 1,500 ஜி வேண்டுமென்றால் சுமார் 3,860 ஆர்பிஎம். 17 செ.மீ. மெஷினுக்கு 2,810 போதும்.

இங்கே அதிகம் பேர் சறுக்குவது அலகில்தான். ரோட்டார் (ட்யூபுகளைத் தாங்கிச் சுழலும் பாகம்) கையேடுகளில் ஆரம் பெரும்பாலும் மி.மீ.-இல் இருக்கும். 90 என்று பார்த்ததை அப்படியே சூத்திரத்தில் போட்டால், 1,500 ஜி-க்கு 1,220 ஆர்பிஎம் போதும் என்று விடை வரும். அந்த வேகத்தில் உண்மையில் கிடைப்பது 150 ஜி, பத்தில் ஒரு பங்கு! ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்போது கிடைக்கும் விசை பாதி. அது பார்வைக்கு நம்பும்படியான எண்ணாக இருப்பதால் யார் கண்ணிலும் படாமல் போகும்.

அடுத்தது வர்க்கத்தை மறப்பது. “விசையைப் பாதியாக்கணும், வேகத்தைப் பாதியாக்கிடலாம்” என்று 3,000-ஐ 1,500 ஆக்கினால் விசை கால்பங்காகிவிடும். பாதி வேண்டுமென்றால் 2,120-க்கு வர வேண்டும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலே விசை 21 சதவீதம் கூடிவிடும்.

சரி, ஆரத்தை எப்படி அளப்பது? மெஷினை நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறங்கள். ஸ்விங் அவுட் ரோட்டார் என்றால் ட்யூப் வைக்கும் பக்கெட்டுகள் கீழே தொங்கும். அந்த நிலையில் அளந்தால் தவறு. ஓடும்போது அவை கிடைமட்டமாக எழும்பிவிடும். ஒரு பக்கெட்டைக் கையால் வெளிப்பக்கம் தூக்கிப் பிடித்து, நடுத் தண்டின் மையத்திலிருந்து ட்யூபின் உள்ளடி வரை ஸ்கேலை வையுங்கள். ட்யூப் எப்போதும் ஒரே சரிவில் நிற்கும் ஃபிக்ஸட் ஆங்கிள் ரோட்டாரில் ட்யூபின் சரிவோடு சேர்த்து அளக்கக் கூடாது. மையத்திலிருந்து உள்ளடிக்குக் கிடைமட்டமாக எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். சின்ன ட்யூபுக்காக அடியில் ரப்பர் வைத்திருக்கிறீர்களா? ஒரு செ.மீ. கனமுள்ள ரப்பர் 9-ஐ 8 ஆக்கிவிடும். அதே 3,860-இல் 1,500 ஜி சுமார் 1,330 ஆகிவிடும்.

ட்யூபின் வாய்ப்பக்கம் விசை குறைவு, அடியில் அதிகம். அதனால்தான் கையேட்டில் சிறும ஆரம், சராசரி ஆரம், பெரும ஆரம் என்று மூன்று எண் இருக்கும். செல்லை அடியில் படிய வைக்கும் வேலைக்குப் பொதுவாகப் பெரும ஆரம்தான். செய்முறை எழுதியவர் எதை எடுத்தார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையில் ஜி காட்டும் மெஷின் இருந்தால் கணக்கே வேண்டாம் என்று நினைப்போம். ரோட்டாரை மாற்றிவிட்டு அதன் எண்ணை மெஷினில் மாற்ற மறந்தால், பழைய ரோட்டாரின் ஆரத்தை வைத்தே அது ஜி காட்டும். சில மெஷின்கள் ரோட்டாரைத் தாமாகவே அடையாளம் காணும், எல்லாம் அப்படி அல்ல. அப்புறம், பழைய மாடல்களில் குமிழைச் சுற்றி 1, 2, 3 என்று எழுதியிருக்கும். அது ஆயிரக்கணக்கு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவை வெறும் படிகள். உண்மையான வேகம், சுற்றை அளக்கும் கருவியான டாக்கோமீட்டரில் அளந்தால்தான் தெரியும்.

கணக்குப்படி 3,860 வேண்டும் என்று வந்தவுடன் குமிழைத் திருகிவிடாதீர்கள். ரோட்டார்மேல் பொறித்திருக்கும் உச்ச வேகத்தையும், ட்யூப் எத்தனை ஜி வரை தாங்கும் என்பதையும் முதலில் படியுங்கள். அதைத் தாண்டினால் ட்யூப் உள்ளேயே உடைந்து ரத்தம் முழுவதும் சிதறும். மெஷினால் அந்த விசை தர முடியாவிட்டால் நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பிளாஸ்மாவில் பிளேட்லெட் எண்ணி, 10,000-க்குக் கீழே வந்ததை உறுதி செய்த பிறகே அந்த நேரத்தைச் செய்முறையில் எழுதுங்கள்.