மழை நாளில் சுகிஜி மீன் சந்தை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் டோக்கியோவில் மழைக்காலம். சனிக்கிழமை காலை தூறல் போட்டால் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாய் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு யோசனை வரும்: "இன்னைக்குக் கூட்டம் இருக்காது, சுகிஜி போய் மீன் வாங்கிட்டு வரலாம்." நல்ல யோசனைதான். மழையில் கூட்டம் குறையும், கடைக்காரர்களும் நிதானமாகப் பதில் சொல்வார்கள். ஆனால் புதிதாக வருபவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம், வந்த புதிதில் நான் செய்ததையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். வழுக்கும் செருப்பு, கையில் சில்லறை இல்லாமை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

ஏலம் பார்க்க சுகிஜிக்குப் போவது

சூரை மீன் ஏலம் இப்போது அங்கே நடப்பதில்லை. 1935இல் தொடங்கிய மொத்த விற்பனைச் சந்தை 2018 அக்டோபரில் டோக்கியோவிலேயே இருக்கும் டொயோசு என்ற இடத்துக்கு மாறிவிட்டது. சுகிஜியில் இருப்பது அதை ஒட்டி வளர்ந்த வெளிச்சந்தை, அதாவது சில்லறைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நெருக்கியடிக்கும் சந்துகள். ஏலம்தான் வேண்டுமென்றால் காலை ஐந்தரை மணிக்கு டொயோசுவில் இருக்க வேண்டும். கிட்டத்தில் நின்று பார்க்க முன்கூட்டியே குலுக்கலுக்குப் பதிவு செய்ய வேண்டும். மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்க அது தேவையில்லை. ஸ்டேஷனிலிருந்தே நடைமேம்பாலம் வழியாகக் கட்டடத்துக்குள் போய்விடலாம் என்பதால் மழைக்கு அது வசதியான இடமும்கூட. ஆனால் அங்குள்ள மொத்த வியாபாரிகளிடம் நாம் மீன் வாங்க முடியாது. பையோடு போகிறவர்களுக்குச் சுகிஜிதான்.

புதன்கிழமை போவது

பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறும் அப்படித்தான். சந்தை காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெரிய குடை

சந்துகளில் இரண்டு பேர் ஒதுங்கி நடப்பதே சிரமம். மீனைப் பார்க்கக் குனியும்போது குடையின் நுனியிலிருந்து வடியும் தண்ணீர் நேராகத் தட்டில் விழும். தோலோடு இருக்கும் முழு மீனென்றால் பரவாயில்லை. பச்சையாகச் சாப்பிட வெட்டி அடுக்கிய துண்டுகள் மேல் மழைத்தண்ணீர் பட்டால் கடைக்காரர் அதை எப்படி விற்பார்? மழைக்கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். குடைதான் வேண்டுமென்றால் கடை முன்னால் வந்ததும் மடக்கிவிடுங்கள். மழை பலமாக இருந்தால் நேரே சுகிஜி உவோகாஷி கட்டடத்துக்குப் போய்விடலாம். 2016இல் திறந்தது. மீன் கடைகள் எல்லாம் கூரைக்குக் கீழே. அந்தக் கட்டடத்தில் ஒன்பது மணிக்கு முன் உணவகக்காரர்கள் வாங்கும் நேரம். நாம் அதற்குப் பிறகு போவதுதான் முறை.

"மழைதானே, ஐஸ் எதுக்கு?"

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

தெரிந்த குடும்பம் ஒன்று என்னோடு வந்தது. எட்டரை மணிக்கே சந்துக் கடை ஒன்றில் சூரைத் துண்டும் இரண்டு சபாவும் வாங்கினார்கள். சபா நம் கானாங்கெளுத்திக்கு உறவுக்கார மீன். வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கடைக்காரர் கேட்டார். இங்கே மீன் கடைகளில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. அதற்கேற்ற அளவு ஐஸ் வைப்பார்கள். "வேண்டாம், வெளியே சில்லென்றுதானே இருக்கிறது" என்று நண்பர் கையசைத்துவிட்டார். நான் சொன்னேன், கேட்கவில்லை. அப்புறம் முட்டைச் சுருள் சாப்பிட்டார்கள். மழை வலுத்ததும் சுகிஜி ஹோங்கான்ஜி கோயிலுக்குள் ஒதுங்கினார்கள். நம் நாட்டுப் பழைய பௌத்தக் கோயில் சாயலில் 1934இல் கட்டிய கோயில், பார்க்க வேண்டியதுதான். அங்கிருந்து அவர்கள் மட்டும் பக்கத்துக் கடைத்தெருவான கின்சாவுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். பிளாஸ்டிக் பையில் மீன் கூடவே சுற்றியது. ராத்திரி குழம்பு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் முகம் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் தடிப்பு.

நடந்தது இதுதான். சூரை, சபா, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூடு ஏறினால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக, அதாவது ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருளாக, மாற்றிவிடும். மழை பெய்தாலும் ஜூன் பகலில் இங்கே சாதாரணமாக 25 டிகிரி இருக்கும், ரயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் ஐஸ் இல்லாத மீனுக்கு அது போதும். ஹிஸ்டமின் உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. செவுள் சிவப்பு, கண் பளபளப்பு, மோந்து பார்ப்பது என்று நாம் அம்மாவிடம் கற்றது எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. புளி கூட்டி நன்றாகக் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது.

நல்லவேளை, மறுநாளே தேறிவிட்டார்கள். ஆனால் நண்பர் சொன்னது என்ன தெரியுமா? "கெட்ட மீனைத் தலையில கட்டிட்டான்." நல்ல மீனைக் கொடுத்து, ஐஸும் தருகிறேன் என்ற மனிதரைப் பற்றி! இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, மீனைக் கடைசியில் வாங்குங்கள். வாங்கியதும் நேரே வீடு. "கோரி குடசாய்" என்று ஐஸ் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நூறு யென் கடையில் கிடைக்கும் குளிர்ச்சி காக்கும் பை ஒன்று கையில் இருக்கட்டும். நிறைய வாங்கினால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு கட்டித் தரச் சொல்லுங்கள். சுற்றிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டேஷன் லாக்கரில் மட்டும் மீனை வைக்காதீர்கள்; அது குளிர்ப்பெட்டி இல்லை.

குச்சியில் செருகிய தின்பண்டத்தோடு நடப்பது

வாங்கிய கடை முன்னாலேயே நின்று சாப்பிடுங்கள் என்பது இங்குள்ள வேண்டுகோள். மழையில் அடுத்த கடையின் கூரைக்குக் கீழே போய் நின்று அவர்கள் வியாபாரத்தை மறைக்காதீர்கள்.

டோக்கியோ வானத்தை மட்டும் பார்ப்பது

இங்கு வரும் மீன் நாடு முழுவதிலிருந்தும் வருவது. நகரத்தில் தூறினால் வரத்து குறையாது. தெற்கே இருக்கும் கியூஷு தீவுப் பக்கம் புயல் அடித்து, படகுகள் கரையில் கிடந்தால், இங்கே வெயில் அடித்தாலும் தட்டுகள் மெலிந்திருக்கும், விலை ஏறியிருக்கும். இரண்டு நாள் முந்தைய கடல் நிலவரத்தையும் பாருங்கள்.

மழை விடட்டும் என்று காத்திருப்பது

பன்னிரண்டு மணிக்கு மேல் கடைகள் கழுவ ஆரம்பித்துவிடும். இரண்டு மணிக்குப் பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். நனைந்தாலும் காலையிலேயே போய்விடுங்கள்.