நிறைவுக்கு ஓர் ஐந்தொகை

கணக்கு எழுதிப் பழகிய செட்டிநாட்டுக் குடும்பங்களில் ‘ஐந்தொகை’ என்ற சொல் இன்றும் வழங்குகிறது. பேரேட்டில் சிதறிக் கிடக்கும் பற்றையும் வரவையும் ஒன்றுதிரட்டி, கடையின் உண்மை நிலையை ஒரே பார்வையில் காட்டும் கணக்குக்கு அது பெயர். தம் வாழ்வில் எவ்வளவு நிறைவு இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் அப்படி ஒரு கணக்கை எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நம்மில் பலர் தமது குறையையும் பிறரது நிறைவையும் மட்டும் மனக்கணக்காகப் போட்டுக்கொண்டு, வரவுப் பக்கத்தைத் திறந்து பார்க்காமலேயே ஏங்குகிறோம்.

எழுதத் தொடங்குமுன், பிறர் வாழும் முறையை வெளியில் நின்று மதிப்பிடும் பழக்கத்தை விட வேண்டும். செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானின் தெருக்களில் நடப்பவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களைக் கண்டால் ‘கொடுத்துவைத்தவர்கள்’ என்கிறார்கள். பூட்டிய கதவைக் கண்டால் ‘ஐயோ பாவம்’ என்கிறார்கள். அந்தத் தூண்களை அனுப்பிய ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட, பிள்ளை வளர்ப்பையும் வீட்டு நிர்வாகத்தையும் பெண்கள் தனியே சுமந்தார்கள் என்பதை நினைத்தால், முதல் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும்.

இரண்டாவது தீர்ப்பும் அவசரமானது என்பதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் பங்காளி வீட்டு ஆச்சி. எண்பது வயதைக் கடந்தவர். முகப்பு, வளவு என்னும் உள்முற்றப் பகுதி, இரண்டாங்கட்டு என நீளும் வீட்டில் தனியே இருக்கிறார். அவரைத் தேற்றிவிட்டு வரலாம் என்ற எண்ணத்தோடு போய் ஒரு முழு நாள் அவரோடு இருந்தேன். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிட்டார். விளக்கேற்றிய பிறகு வளவுத் தூணருகே அமர்ந்து, நனைத்து வைத்திருந்த பனையோலையில் கொட்டான் என்னும் சிறு கூடை முடையத் தொடங்கினார். ஓலை காய்ந்து விறைக்கும்போதெல்லாம் விரலால் நீர் தொட்டுத் தடவி, பதம் வந்த பிறகுதான் மடக்கினார். பால் கொண்டுவந்த பெண் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். “வீடுதான் பெரிசு, நான் இருக்கிற இடம் இவ்வளவுதான்” என்று தூணைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் காட்டினார். மாலை நான்கு மணிக்கு முற்றத்து வெயில் அந்தத் தூணில் சாய்ந்து விழும் நேரமே தமக்குப் பிடித்த நேரம் என்றும் சொன்னார்.

ஆகவே ஒருவரது வாழ்வை அறிய விரும்பினால், ‘மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா’ என்று கேட்காதீர்கள். அதற்கு ஒப்புக்குத்தான் பதில் வரும். ‘நேற்று யார் வந்தார்கள்? எந்த நேரம் உங்களுக்குப் பிடிக்கும்?’ என்று கேளுங்கள். பிறகு அதே கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

இனிக் கணக்கு. வாரம் ஒருமுறை, ஒரு நோட்டில், உங்களுக்கு வந்து சேர்ந்த நன்மைகளில் ஐந்துவரை எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர்களான எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பத்து வாரங்கள் இவ்வாறு எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்வைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தார்கள். ‘குடும்பம்’, ‘உடல்நலம்’ என்று பொதுப்படையாக எழுதுவதில் பயன் குறைவு. மூன்றாம் வாரமே சலித்துவிடும். பேரேட்டில் எழுதுவதுபோல ஆள், நாள், பொருள் மூன்றும் இருக்கட்டும். தரையில் செட்டிநாட்டுக் கைவேலையான ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால், கண்ணாடிமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றி நிரப்பிய கையையும் வரவில் சேருங்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து கல்லுக்கு வந்தது. எந்திரம் தேய்த்துக் கொடுத்ததன்று.

பிற வாழ்முறைகளிலிருந்து ஒரு வழக்கத்தைக் கடன் வாங்குவதும் உதவும். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் மணமான மகனை ‘வேறு வைத்தல்’ என்ற வழக்கம் உண்டு. கூரை ஒன்றாக இருக்க, அடுப்பும் செலவும் தனித்தனியாக இருக்கும். பெற்றோரோடு ஒரே அடுக்ககத்தில் வாழ்ந்து நாள்தோறும் உரசிக்கொள்ளும் குடும்பங்கள், மாதச் செலவையாவது இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். தனியே வாழ்பவர்கள், பால்காரருக்கோ பக்கத்து வீட்டாருக்கோ உட்கார ஓர் இடம் வைத்திருப்பதை ஆச்சியிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றியுணர்வு அநீதியைப் பொறுத்துக்கொள்வதற்கான காரணம் ஆகாது. கூலி குறைவாகப் பெறுபவரிடமும், வீட்டில் அடங்கிக் கிடக்கும் பெண்ணிடமும் ‘இருப்பதை நினைத்து நிறைவு கொள்’ என்று சொல்வது கொடுமை. வர வேண்டிய பாக்கியை வராத பாக்கி என்றே எழுதிக் கேட்டு வாங்குவதுதான் நேர்மையான கணக்கு.

வரவில் எழுதியவற்றுள் மாதம் ஒன்றையாவது உரியவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். நான் ஆச்சியிடம் சொல்லப் போனபோது மாலை நான்கு மணி. அவர் பதில் பேசவில்லை; வெயில் விழுந்த இடத்தில் எனக்கும் ஒரு பாயை விரித்து, முடைந்து முடித்த கொட்டானில் முறுக்கை வைத்து நீட்டினார்.