டிராவலைப் பார்த்து ஃபோர்க் வாங்காதீர்கள்

பழைய ஃபிரேம் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் ஒரு மவுண்டன் பைக் கட்டிவிடலாம் என்று இறங்குபவர்கள் முதலில் தேடுவது முன் சக்கரத்தைப் பிடித்து அமுங்கி எழும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைத்தான். தேடும்போது கண்ணில் படுபவை இரண்டு: எத்தனை மி.மீ. டிராவல் (ஃபோர்க் அமுங்கும் தூரம்), என்ன விலை. என்னைக் கேட்டால் இரண்டையும் கடைசியில் பார்த்தால் போதும். ஃபோர்க் எது என்பதை உங்கள் ஃபிரேமின் ஹெட் டியூப் (முன்னால் ஃபோர்க் நுழையும் குழாய்) ஏற்கெனவே பாதி முடிவு செய்துவிட்டது. அதை அளக்காமல் ஆர்டர் போடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு, பணம் அதிகம் போகும் தவறும் அதுதான்.

ஃபோர்க்கின் தலையில் நீண்டிருக்கும் குழாய் ஸ்டியரர். நேர் ஸ்டியரர் மேலிருந்து கீழ் வரை ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மி.மீ. டேப்பர் ஸ்டியரர் மேலே அதே அளவில் தொடங்கிக் கீழே ஒன்றரை அங்குலமாகப் பருக்கும். எது போகும் என்று தெரிய, ஹெட் டியூபின் இரு முனையிலும் உள்ள பேரிங் கிண்ணங்களான ஹெட்செட் கப்புகளைத் தட்டிக் கழற்றிவிட்டு, ஹெட் டியூபின் உள்விட்டத்தை மேலும் கீழும் வெர்னியரால் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 34 மி.மீ. என்றால் நேர் ஸ்டியரர் மட்டும்தான். டேப்பருக்கு வழியே இல்லை, எந்த அடாப்டரும் காப்பாற்றாது. இரண்டு பக்கமும் 44 என்றால் அதிர்ஷ்டம்: நேராகவும் போடலாம், கீழே குழாய்க்கு வெளியே உட்காரும் கப் வைத்து டேப்பரும் போடலாம். அந்தக் கப் முன்பக்கத்தைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் தூக்கிவிடும், அவ்வளவுதான். மேலே 44, கீழே 56 என்று வந்தால் டேப்பருக்காகவே செய்த ஃபிரேம். அதில் நேர் ஸ்டியரர் போட, கீழே அதற்கேற்ற ரெடியூசர் கிரவுன் ரேஸ் (மெல்லிய ஸ்டியரரைப் பெரிய பேரிங்கில் பொருத்தும் வளையம்) வேண்டும். இன்னும் பழைய, ஸ்டியரரில் மரை வெட்டி நட்டு போட்டு இறுக்கும் வகை என்றால் ஃபோர்க்கோடு ஹெட்செட்டும், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெமும் சேர்ந்தே மாறும்.

பழைய ஃபோர்க் வாங்குபவர்கள் ஸ்டியரரின் நீளத்தை மறந்துவிடுகிறார்கள். முந்தைய ஆள் தன் ஃபிரேமுக்கு ஏற்ப வெட்டியிருப்பார். வெட்டியதை ஒட்ட முடியாது. ஹெட் டியூப் 120, ஹெட்செட் 30, ஸ்பேசர் வளையங்கள் 10, ஸ்டெம் 40 என்றால் கூட்டினால் 200 மி.மீ. அதற்கு இரண்டு மூன்று மி.மீ. குறைவாக இருப்பதுதான் சரி. விற்பவர் 175 என்று சொன்னால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து ஆக்ஸில், அதாவது சக்கரத்தின் அச்சு. பட்ஜெட் பைக்குகளின் முன் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பெரும்பாலும் 9 மி.மீ. குயிக் ரிலீஸ் (கைப்பிடியைத் திருப்பிக் கழற்றும் வகை), 100 மி.மீ. அகலம். கொஞ்சம் நல்ல ஃபோர்க்குகள் ஃபோர்க் கால்களின் ஊடே செருகும் 15 மி.மீ. த்ரூ ஆக்ஸிலில் வரும். அதிலும் 100 அகலம் ஒன்று, பூஸ்ட் எனப்படும் 110 அகலம் இன்னொன்று. சில ஹப்புகளில் ஓர மூடிகளை மாற்றினால் 9-இலிருந்து 15-க்குப் போகலாம். மற்றவற்றில் புது ஹப், புது ஸ்போக், வீல் கட்டும் கூலி என்று செலவு நீளும். பிரேக்கும் இப்படித்தான். ரிம்மைப் பிடிக்கும் வீ-பிரேக் வைத்திருப்பவர்கள் ஃபோர்க்கில் அதற்கான குமிழ்கள் உண்டா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். காற்றையே ஸ்ப்ரிங்காகக் கொண்ட இன்றைய ஏர் ஃபோர்க்குகள் பெரும்பாலானவற்றில் கிடையாது. டிஸ்க் என்றால் ஃபோர்க் 160 மி.மீ. ரோட்டருக்கு (டிஸ்க் தட்டுக்கு) செய்ததா, 180-க்கா என்று கேளுங்கள். 160-இல் அடாப்டர் போட்டு 180-க்கு ஏறலாம், 180-க்குச் செய்ததில் 160-க்கு இறங்க முடியாது. சல்லிசாகக் கிடைத்த ஃபோர்க் ஒன்று, ஹெட்செட், ஹப், அடாப்டர் என்று இழுத்துப் போய்க் கடைசியில் விலை உயர்ந்த ஃபோர்க்காக முடிவது இப்படித்தான்.

சரி, டிராவலுக்கு வருவோம். 80 மி.மீ.க்குச் செய்த ஃபிரேமில் 120 போட்டால் மலையே இறங்கலாம் என்ற நினைப்பு பலருக்கு. ஃபோர்க்கின் ஆக்ஸிலிலிருந்து கிரவுன் (இரண்டு கால்களும் சேரும் தலைப்பகுதி) வரையுள்ள உயரம் 20 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள், அதாவது ஹெட் டியூபின் கோணம், ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். சீட்டும் பின்னால் சாயும், பெடல் அச்சு உயரும், ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும். கூடவே ஹெட் டியூப் வெல்டிங்கில் விழும் நெம்பு விசையும் கூடும். டிராவல் ஒன்றேதான் என்று 26 அங்குல ஃபிரேமில் 29 அங்குல ஃபோர்க் போடுபவர்களும் இதே வலையில் விழுகிறார்கள். 100 மி.மீ. டிராவலிலேயே 26-க்கான ஃபோர்க் சுமார் 470 மி.மீ. உயரம், 29-க்கானது 500-ஐத் தாண்டும். பழைய ஃபோர்க்கின் உயரத்தை அளந்து, அதற்கு 20 மி.மீ.க்குள் புதியதைத் தேடுங்கள். மோட்டார் சைக்கிள் போல இரண்டு தட்டு வைத்த டபுள் கிரவுன் ஃபோர்க் வேண்டவே வேண்டாம். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சாதாரண ஹார்ட்டெயில் ஃபிரேம் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல.

டிராவல் மோகம் உள்ளவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1989-இல் வந்த ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்.எஸ்.1 ஃபோர்க்கின் டிராவல் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். அடுத்த வருடம் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த மவுண்டன் பைக் உலகச் சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் டவுன்ஹில் (மலை இறக்கப் பந்தயம்) பட்டத்தை வென்றது அந்த ஃபோர்க்கோடுதான்.

அப்படியானால் காசு எங்கே போக வேண்டும்? டேம்பருக்கு. ஸ்ப்ரிங் அடியை வாங்கிக்கொள்ளும், வாங்கியதை எவ்வளவு வேகத்தில் திருப்பித் தருகிறது என்பதை டேம்பரில் உள்ள எண்ணெய்தான் கட்டுப்படுத்தும். அது இல்லாத ஃபோர்க் வேர்கள் நிறைந்த இறக்கத்தில் போகோ குச்சி மாதிரி ஹேண்டில்பாரை எகிற வைக்கும். கடையில் நின்றபடியே சோதிக்கலாம். ஃபோர்க்கின் வலது காலின் அடியில் சின்னக் குமிழ் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ராக்‌ஷாக்ஸில் சிவப்பாக இருக்கும். அதை ஒரு கோடிக்குத் திருப்பிவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை அமுக்கி விடுங்கள். பிறகு மறுகோடிக்குத் திருப்பி மறுபடி அமுக்குங்கள். மேலே வரும் வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் உண்மையான ரீபவுண்ட் (அமுங்கிய பின் மேலே திரும்புவது) டேம்பர். குமிழே இல்லை, விட்டதும் டக்கென்று மேலே முட்டுகிறது என்றால் உள்ளே வெறும் ஸ்ப்ரிங் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். சன்டூர் நிறுவனத்தின் எக்ஸ்.சி.டி. போன்ற அடிமட்ட மாடல்கள் அந்த ரகம். சன்டூர் பெயர்களில் வால் எழுத்துகளையும் கவனியுங்கள்: எல்.ஓ. என்றால் லாக்அவுட் (ஃபோர்க் அமுங்காமல் பூட்டும் வசதி), அதோடு ஆர். சேர்ந்தால்தான் ரீபவுண்ட். லாக்அவுட்டைப் பெரிய வசதியாகச் சொல்லி விற்பார்கள். ரீபவுண்ட் இல்லாமல் லாக்அவுட் மட்டும் உள்ள ஃபோர்க்குக்கு நான் கூடுதல் காசு தர மாட்டேன்.

மேலே இருக்கும், ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோட் குமிழை டேம்பர் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். அதைத் திருகினால் ஸ்ப்ரிங் கடினமாகிவிடும் என்பதும் தப்பு. தொடக்கத்தில் எவ்வளவு அமுங்கும் என்பது மட்டுமே மாறும். 50 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே காயில் (கம்பிச் சுருள்) ஸ்ப்ரிங் பொருந்தாது. ஏர் ஃபோர்க்கின் உண்மையான லாபம் இங்கேதான், எடை குறைவது அப்புறம். காற்றை ஏற்றி இறக்கி உங்கள் எடைக்குக் கொண்டுவரலாம். பைக்கில் ஏறி நின்றால் 100 மி.மீ. டிராவலில் 15 முதல் 25 மி.மீ. அமுங்க வேண்டும். இதற்கு ஷாக் பம்ப் தனியாக வாங்க வேண்டும், டயர் பம்ப் உதவாது.

பழையது வாங்கும்போது ஸ்டாஞ்சனில் (கீழ்க்காலுக்குள் போய்வரும் வழவழப்பான குழாயில்) நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். நகம் மாட்டும் கீறல், சீல் உரசும் இடத்தில் இருந்தால் எண்ணெய் கசியும், உள்ளே மண் போகும். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹெட்செட் இறுக்கமாக இருந்தும் கடகடத்தால் புஷ் (ஸ்டாஞ்சன் வழுக்கிப் போகும் உள்வளையம்) தேய்ந்திருக்கிறது. அந்த மாடலுக்கு சீல் கிட் இன்னும் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். ராக்‌ஷாக்ஸ் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது. பெயர் தெரியாத ஏர் ஃபோர்க்குகளில் அதற்கான உதிரிபாகம் தேடுவதே தனி வேலை.

ரீபவுண்ட் டேம்பர் உள்ள ஃபோர்க் பட்ஜெட்டில் எட்டவில்லை என்றால், எட்டுகிற மலிவு சஸ்பென்ஷனை வாங்குவதைவிட அமுங்காத ரிஜிட் ஃபோர்க் போடுவது மேல். மலிவு காயில் ஃபோர்க் இரண்டரை கிலோவை ஒட்டி இருக்கும், இரும்பு ரிஜிட் அதில் பாதிதான். மிச்சமாகும் காசில் ஃபிரேம் இடம் தரும் அளவுக்கு அகலமான டயரை வாங்கிக் காற்றைக் குறைத்து ஓட்டலாம். ரிஜிட்டிலும் உயரம் பார்க்க வேண்டும்: சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் உயரத்திலிருந்து ஆள் ஏறியதும் அமுங்கும் அந்த 15, 20 மி.மீ.யைக் கழித்த அளவு.